தொற்றுநோய்ப் பணிக்கான செய்முறைத் தேர்வு: ஒரு செவிலியரின் அனுபவம்

2020 ஆம் ஆண்டு கொரோனாவின் முதல் அலையில் ராயபுரம் மண்டலம் சென்னையிலேயே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டபோது, நான் தண்டையார்பேட்டையிலிருந்து கல்லூரிக்குச் சென்றுவந்த செவிலியர் மாணவி. பிறகு தொற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சியில் சேர்ந்து, அதன் செய்முறைத் தேர்வில் முதல்முறை தோற்று, இரண்டாம் முறை தேறினேன். இப்போது தயாராகும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

நான் தோற்றது பிபிஇ கவச உடையை அணிவதில் அல்ல, கழற்றுவதில். கையுறையைக் கழற்றினேன், கண்ணாடியைப் பின்பட்டையைப் பிடித்து எடுத்தேன், மேலங்கியை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டினேன். எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் என்95 முகக்கவசத்தை, கிருமி படிந்திருக்கக்கூடிய அதன் முன்பக்கத்தைப் பிடித்து இறக்கினேன். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பயிற்சியில் கவச உடையின் மீது கிருமிக்குப் பதிலாக ஒளிரும் பசையைத் தடவிக் கழற்றச் சொல்லி, புறஊதா விளக்கின் கீழ் நிறுத்தினார்கள். சுத்தமாக இருக்கிறது என்று நான் நம்பிய என் மணிக்கட்டிலும் தாடைக்கடியிலும் பச்சைப் புள்ளிகள் மின்னின. அந்தக் காட்சி கற்றுத்தந்த அளவுக்கு எந்தப் புத்தகமும் எனக்குக் கற்றுத்தரவில்லை. கழற்றும் வரிசை இடத்துக்கு இடம் சற்று மாறும் என்பதால், உங்கள் நிறுவனத்தின் வரிசையைத் தோழி ஒருத்தி உரக்க வாசிக்க, அதைக் கேட்டுச் செய்து பழகுங்கள். இடையிடையே 20 முதல் 30 விநாடிகள் கைகளில் சானிடைசர் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

கழிவுப் பைகளில் பலருக்கும் மதிப்பெண் போகிறது. முகக்கவசம் மஞ்சள் பைக்கும், கையுறையும் பிளாஸ்டிக் கவச உடையும் சிவப்புப் பைக்கும் போக வேண்டும்.

இதைவிட முக்கியம், நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்விகள். 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் நோய் பரவியபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, நோய் இன்னதென்று தெரியவருவதற்கு முன்பே நோயாளியைக் கவனித்து, அதே நோயால் உயிரிழந்தார். புதிய நோய் பெயரோடு வருவதில்லை. ஆகவே காய்ச்சல் எத்தனை நாளாக என்பதோடு நின்றுவிடாமல், எங்கே போய்வந்தார், என்ன வேலை செய்கிறார், வீட்டிலோ வேலையிடத்திலோ வேறு யாருக்கேனும் இதேபோல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். துறைமுகமும் மீன்பிடித் தொழிலும் மணலித் தொழிற்சாலைகளும் உள்ள நம் வட்டாரத்தில் வேலையைப் பற்றிய கேள்விக்குத் தனி எடை உண்டு.

இரண்டாம் தேர்வில் நோயாளியாக நடித்தவர், "லாரி ஓட்டுறேன் சிஸ்டர்" என்றார். "எந்த ஊருக்குப் போய்ட்டு வந்தீங்கண்ணே?" என்று கேட்ட பிறகே, "போன வாரம் கோழிக்கோடு" என்ற பதில் வந்தது. நிபா உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்டப் பொதுவாக 4 முதல் 14 நாட்கள் ஆகும். உடனே அவருக்கு முகக்கவசம் தந்து, தனி அறைக்கு அனுப்பி, மருத்துவருக்குத் தகவல் சொல்லி, அவர் அருகே அமர்ந்திருந்தவர்களின் பட்டியலை எழுதத் தொடங்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏசி அறையில் மட்டும் பழகாதீர்கள். முன்னதாகத் தண்ணீர் குடித்துவிட்டு, மின்விசிறி இல்லாத அறையில் 15 நிமிடம் கவச உடையோடு இருந்து பாருங்கள். வியர்வை வழியும்போது கை தானாக முகத்துக்குப் போகும். முதல் நாள் என் கை 7 முறை போனதாகத் தோழி எண்ணிச் சொன்னாள். தேர்வுக்கு முந்தைய நாளும் ஒருமுறை போனது.