மகசர் எழுதுவது யார்?

பேட்மேன் படக்கதைத் தொடரிலிருந்து கிளைத்த ‘காத்தம் சென்ட்ரல்’ தொகுதிகளை வாங்கலாம் என்றதும், “தாய்த்தொடருக்கு இது ஈடாகுமா?” என்று எங்கள் கல்லூரிப் புத்தகத் தேர்வுக் குழுவில் துறைத்தலைவர் கேட்டார். “தாய்த்தொடரைப் படித்தவர்களுக்கு ஈடாகும், மற்றவர்களுக்கு ஆகாது” என்றேன். அந்தப் பதிலில் பிழை இருப்பதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில் ‘காத்தம் சென்ட்ரல்’ தொகுதிகள் நான்கும் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டு, அந்தத் தொகைக்குப் பேட்மேன் தொகுதிகளே வாங்கப்பட்டன என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2003 முதல் 2006 வரை 40 இதழ்களாக வந்த அந்தக் கிளைத்தொடரை எட் புரூபேக்கரும் கிரெக் ரக்காவும் எழுதினார்கள். தொடக்கக் கதைகளை வரைந்தவர் மைக்கேல் லார்க். பேட்மேனின் கற்பனை ஊரான காத்தம் நகரக் காவல்துறையின் பெருங்குற்றப் பிரிவுதான் களம். பேட்மேன் எப்போதாவது நிழல்போல வந்து போவதோடு சரி. முதல் கதையில் மிஸ்டர் ஃபிரீஸ் என்ற வில்லன் ஒரு துப்பறிவாளரைக் கொன்றுவிட, இறந்தவருடன் பணியாற்றிய மார்கஸ் டிரைவர், இந்த வழக்கையாவது நாமே முடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். கடைசியில் பேட்மேனை அழைக்கும் மொட்டைமாடி விளக்கை எரியவிடத்தான் வேண்டியிருக்கிறது. முகமூடிக்காரனோடு காவல்துறைக்கு அதிகாரபூர்வமான உறவு எதுவும் இல்லை என்று காட்டிக்கொள்வதற்காக, அந்த விளக்கின் சுவிட்சைப் போலீசார் தொடுவதில்லை. ஸ்டேசி என்ற தற்காலிக அலுவலகப் பெண்தான் போடுகிறாள். 1939இல் தோன்றிய பேட்மேனின் நீண்ட வரலாறு வாசகர் மனத்தில் இல்லையென்றால், ஒரு தற்காலிக ஊழியை சுவிட்ச் போடுவதில் என்ன கனம் இருந்துவிட முடியும்? இதைத்தான் குழுவிடம் சொல்ல வந்தேன். விளக்கம் கேட்க அங்கே யாருக்கும் பொழுதில்லை. பொருளாளர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

எங்கள் கல்லூரி வாசலில் இரவுக் காவல் பார்ப்பவர் கேரளக் காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தூர் வட்டத் தமிழர். பேட்மேனைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் பேரனின் சட்டையிலிருந்த வௌவால் படம் மட்டுமே. என் மேசைமீது கிடந்த, என் சொந்தப் பிரதியான முதல் தொகுதியைக் கேட்டு வாங்கிப்போய், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டியும் படங்களைக் கொண்டு ஊகித்தும் பல இரவுகள் படித்தார். திருப்பித் தந்தபோது கேட்டார்: “அவன் பாட்டுக்குப் புடிச்சுக் கட்டிப் போட்டுட்டுப் போயிர்றானுங்க சார். மகசர் யாரு எழுதறது? கோர்ட்டுக் கூண்டுல ஏறி நிக்கறது யாரு?”

மகசர் என்றால் சாட்சிகள் முன்னிலையில் போலீசார் எழுதும் கைப்பற்றல் பதிவு. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “எல்லை ரோட்டுல ஸ்பெஷல் ஸ்குவாடு வண்டியப் புடிச்சு ஸ்டேசன் வாசல்ல எறக்கிட்டுப் போயிருமுங்க. பேப்பர்ல அவங்க போட்டோ வரும். வக்கீல் குறுக்க கேக்கறது எங்களைத்தானுங்க” என்றார்.

புரூபேக்கரும் ரக்காவும் 40 இதழ்களில் விரித்துச் சொன்னதன் அடிப்படையே அதுதான். தாய்த்தொடரின் ஒரு பக்கத்தையும் புரட்டாதவர் அதைப் பிடித்துவிட்டார் என்றால், நான் குழுவில் வைத்த அளவுகோல் என்ன ஆவது? இதற்கும் என்னிடம் ஒரு மறுமொழி உண்டு: அவர் படக்கதை வாசகராக அதைப் படிக்கவில்லை, பணிக்காலம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு படித்தார், நம் இளங்கலை மாணவர்களுக்கு ஸ்டேஷனும் தெரியாது, மகசரும் தெரியாது. மறுமொழி சரியானதுதான். ஆனால் அதே மாணவர்கள், அந்தத் தொகுதியிலேயே உள்ள ‘ஹாஃப் எ லைஃப்’ கதையைப் படிக்க எந்த முன்னறிவும் வேண்டுமா என்று யோசித்தால் தடுமாறுகிறேன். ரெனே மொன்டோயா என்ற பெண் துப்பறிவாளர் இன்னொரு பெண்ணை முத்தமிடும் புகைப்படம் அலுவலக அறிவிப்புப் பலகையில் குத்தப்பட்டிருக்கிறது. சக ஊழியர்கள் அதன்முன் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2004இல் படக்கதைகளுக்கான ஐஸ்னர் விருது பெற்ற அந்தக் கதையில் வில்லனாக டூஃபேஸ் வந்தாலும், அவனை எடுத்துவிட்டு வேறொரு கயவனை வைத்தால்கூட அந்தப் பலகைக் காட்சி அப்படியே நிற்கும்.

அப்படியானால் மொன்டோயாவுக்குத் தாய்த்தொடர் தேவையில்லை, ஸ்டேசிக்குத் தேவை. ஒரே தொகுதிக்குள் இரண்டு விடைகள் இருக்கும்போது, ஈடாகுமா என்ற கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல ஒப்புக்கொண்டதே கேள்வியைச் சிறிதாக்கிவிட்டதோ என்னவோ. ஆனால் குழுவில் எவருக்கும் ஒரு வாக்கியத்துக்கு மேல் இடம் கிடைப்பதில்லை.

இந்த ஆண்டுப் பட்டியலில் நான்கு தொகுதிகளையும் மறுபடி சேர்த்திருக்கிறேன். துறைத்தலைவரும் அதே கேள்வியைத்தான் கேட்பார். என் வாயில் பழைய பதிலே வரும் என்றும் தோன்றுகிறது, ஏனென்றால் அதைவிடச் சரியான ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. ஏட்டய்யாவின் மகசரை எடுத்துச் சொல்லலாம்தான், சொன்னால் சிரிப்பார்கள். அவரோ மொன்டோயா பிறகு அந்த வேலையில் தரித்தாளா என்று பார்க்கும்போதெல்லாம் விசாரிக்கிறார். நாலாம் தொகுதியின் முடிவில் அவள் வேலையை விட்டுவிடுகிறாள் என்பதை நான் சொல்லவில்லை. புத்தகம் வந்தால் அவரே படித்துக்கொள்ளட்டும்.