குத்தும் கம்பளியும் குத்தாத கம்பளியும்

கம்பளி என்றாலே உடம்பெல்லாம் அரிக்கும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். குற்றம் கம்பளி மீதில்லை, இழையின் தடிமனில் இருக்கிறது. சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் முனை வளைந்து கொடுக்காமல் தோலைக் குத்துகிறது. மெரினோ என்ற ஆட்டினத்தின் இழை பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள்தான்; தோலில் பட்டதும் மடங்கிவிடும். இந்த ஆடுகளை ஸ்பெயின் வெகுகாலம் வெளியே விடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. இன்று அவற்றின் பெரும் மந்தைகள் மேய்வதோ ஆஸ்திரேலியாவில்!

எனக்குப் பிடித்தது ஐஸ்லாந்து ஆடுதான். ஒரே உடம்பில் இரண்டு கம்பளி. வெளியே நீண்ட, முரட்டு மயிர் மழையை வழியவிடும். அடியில் பஞ்சு போன்ற மென்மயிர் சூட்டைப் பிடித்துவைக்கும். இரண்டையும் சேர்த்துத் திரித்த லோபி நூலில்தான் அங்கே ஸ்வெட்டர் பின்னுகிறார்கள். இங்கிலாந்தின் லிங்கன் ஆட்டு மயிர் நீளம், பளபளப்பு, ஆனால் முரடு. காரகுல் என்ற ஆட்டினத்தின் கம்பளி தரைவிரிப்புக்குத்தான் லாயக்கு.

ஓர் இழையை விரல்களுக்கிடையே நுனியிலிருந்து அடிநோக்கி உருவிப் பாருங்கள், லேசாகச் சொரசொரக்கும். காரணம், இழையின் மேலுள்ள மீன் செதில் போன்ற அடுக்குகள். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிவிடும். அப்படித்தான் என் மெரினோ ஸ்வெட்டர் இப்போது ஐந்து வயதுக் குழந்தைக்குக் கச்சிதமாக இருக்கிறது.