8 எம்எம் கேட்ட இடத்தில் 6 எம்எம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை ஷெட். தூண்கள் அவற்றைச் செய்யும் யார்டிலிருந்து பெயின்ட் அடித்தே வந்து பாதி நிறுத்தியும் ஆகிவிட்டது, அதற்கப்புறம்தான் வெல்டை அளந்து பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். டிராயிங்கில் ஃபில்லெட், அதாவது இரண்டு தகடு சேரும் மூலையில் போடும் வெல்ட், 8 எம்எம். வெல்டை அளக்கும் கேஜில் 8 எம்எம் தகட்டை மூலையில் வைத்தால் அதன் நுனிக்கும் வெல்டின் விளிம்புக்கும் நடுவே இடைவெளி. 6 எம்எம் தகடு கச்சிதமாகத் தொட்டது. ஒன்றிரண்டில் இல்லை, பார்த்த எல்லாவற்றிலும்.

சூப்பர்வைசர் ஏடபிள்யூஎஸ் டி1.1, அதாவது அமெரிக்க வெல்டிங் விதிநூலின் (கோட்) பக்கத்தை ஃபோனில் காட்டினார். "8 எம்எம்ல 3 வரைக்கும் குறையலாம் சார், கோடுலயே இருக்கு." இருக்கிறதுதான். ஆனால் வெல்டின் நீளத்தில் 10 சதவீதத்துக்குள் மட்டும் என்பதும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது, அதை அவர் ஸ்க்ரோல் செய்யவில்லை.

சரி, எல்லாவற்றையும் வெட்டி எறிவதா? அதற்கும் எனக்கு மனசில்லை, தேவையில்லாமல் மறுபடி சூடேற்றினால் தகடு வளையும், நன்றாக இருந்த இடமும் கெடும். கணக்கைப் போட்டோம். வெல்ட் பிடிக்கும் தகடு 16 எம்எம், அதற்கு நம் நாட்டு இரும்புக் கட்டுமான விதிநூல் ஐஎஸ் 800 கேட்கும் குறைந்தபட்ச வெல்டே 5 எம்எம்தான். யார்டில் போட்ட 6 எம்எம் வெல்ட் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு சுமார் 795 நியூட்டன் தாங்கும். ஸ்டிஃப்னர்களில், அதாவது தகடு வளையாமல் முட்டுக்கொடுக்கும் துண்டுகளில், வருவது 550ஐத் தாண்டவில்லை. டிசைனர் கையெழுத்துப் போட்டார், அப்படியே விட்டோம்.

கிரேனைத் தாங்கும் பிராக்கெட் கதை வேறு. அங்கே 900 வருகிறது. மேலே ஒரு ரன், அதாவது இன்னொரு அடுக்கு வெல்ட், ஓட்டி 8 ஆக்கினால் 1060 கிடைக்குமே என்று நான் சொல்லிவிட்டேன், நல்லவேளை டிசைனர் பிடித்தார்: அது யார்டு வெல்டுக்கான கணக்கு. சைட்டில் போடும் வெல்டுக்குப் பாதுகாப்புக் காரணி 1.25 இல்லை, 1.5. அப்படிப் பார்த்தால் 8 எம்எம் 884தான் தாங்கும். ஆகவே 10 எம்எம்.

ரன் ஓட்டுவதற்காகப் பெயின்டைச் சுரண்டியபோது ஒரு பிராக்கெட்டில் வெல்ட் முடியும் இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு. விரிசலில் புகும் சிவப்பு டை அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் போட்டதும் 15 எம்எம் நீளத்துக்குச் சிவப்பு கசிந்து வந்தது. விரிசலுக்குக் கணக்கெல்லாம் கிடையாது, எந்த நீளமானாலும் ரிஜெக்ட். கிரைண்ட் செய்து, மறுபடி டை அடித்து, கோடு முழுக்க மறைந்த பிறகே வெல்டிங் ராடை எடுக்கச் சொன்னேன்.

எடுத்த ராடு 7018, ஈரம் படவே கூடாத வகை. பெட்டி திறந்தபடி தார்ப்பாய்க்கு அடியில், ஐப்பசி மழையில். ராடைக் காயவைக்கும் ஓவன் வராமல் வேலை இல்லை என்று நிறுத்தினேன். மறுநாள் காலை ஓவன் வந்தது, அதைச் செருக பிளக் பாயின்ட் இல்லை.