சிங்கிள் போர்டில் ஒரு மேசைக் கணினி: பாகத் தேர்வு நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025

தேர்ந்தெடுத்த போர்டு (முழுக் கணினியும் அடங்கிய ஒற்றைப் பலகை) ராஸ்பெர்ரி பை 5. விவரப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஆர்கே3588 சிப் வைத்த போர்டுகள் கூடுதல் கோர், கூடுதல் பிசிஐஇ லேன் (வட்டு போன்றவற்றை இணைக்கும் அதிவேகப் பாதை) எல்லாம் தருகின்றன. ஆனால் தினமும் உட்கார்ந்து வேலை பார்க்கும் கணினிக்கு, சில வருடம் கழித்தும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட் வருமா என்பதுதான் முதல் கேள்வி. பல போர்டுகள் தயாரிப்பாளர் ஒட்டுப்போட்டுக் கொடுத்த பழைய கர்னலிலேயே நின்றுவிடுகின்றன. பை 5-இல் அந்தக் கவலை குறைவு.

ராம் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது, பிறகு கூட்ட வழியில்லை. 2, 4, 8, 16 ஜிபி அளவுகள் உண்டு. 16 ஜிபி 2025 ஜனவரியில் வந்தது. உலாவியில் பத்துப் பதினைந்து டேப், கூடவே ஒரு பெரிய விரிதாள் என்றாலே 4 ஜிபி திணறத் தொடங்கிவிடும். எனவே 8. கன்டெய்னர்கள் (தனித்தனிப் பெட்டிபோல் ஓடும் நிரல்கள்), பெரிய கம்பைல் (மூல நிரலை இயங்கும் நிரலாக்குவது) என்று போகிறவர்கள் மட்டும் 16-ஐ யோசிக்கலாம்.

வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: பை 5-இல் வன்பொருள் டிகோடர் (வீடியோவை விரிக்கும் தனிச் சுற்று) எச்இவிசி என்ற வீடியோ வடிவத்துக்கு மட்டும்தான். பை 4-இல் இருந்த எச்.264 டிகோடரும் என்கோடரும் இதில் இல்லை. இணைய வீடியோவின் சுமை பெரும்பாலும் சிபியு தலையில்தான் விழும். 1080பி நன்றாக ஓடும். உலாவியில் 4கே வீடியோ பார்ப்பதுதான் முக்கியத் தேவை என்றால் இந்தப் போர்டு வேண்டாம்.

பிப்ரவரி 5

பவர் அடாப்டர். இந்தக் கணினி ஒழுங்காக ஓடுமா, காரணம் புரியாமல் தொல்லை தருமா என்பதை சிபியுவைவிட இதுதான் அதிகம் தீர்மானிக்கிறது.

பை 5 கேட்பது 5 வோல்ட், 5 ஆம்பியர். லேப்டாப்பின் 65 வாட் டைப்-சி சார்ஜர் போதாதா என்று தோன்றும். போதாது. அந்த சார்ஜர்கள் 65 வாட்டை 20 வோல்ட்டில்தான் தருகின்றன. 5 வோல்ட்டில் பெரும்பாலானவை 3 ஆம்பியரோடு நின்றுவிடும். பை மேல் வோல்டேஜ்களைக் கேட்பதே இல்லை. ஆக, கிடைப்பது 15 வாட்.

5 ஆம்பியர் இல்லையென்று தெரிந்ததும் போர்டு தன் யுஎஸ்பி போர்ட்டுகள் நான்குக்கும் சேர்த்து 600 மில்லியாம்பியர் மட்டும் விடும். சரியான அடாப்டர் இருந்தால் அந்த வரம்பு 1.6 ஆம்பியர். விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் 600 தாராளம். வெளி வட்டு செருகினால்தான் பிரச்சினை: பாதியில் அறுபடும், கோப்பு முறைமை கெடும், பழி வட்டின் மேல் விழும். கான்ஃபிக் கோப்பில் (போர்டின் அமைப்புகள் இருக்கும் கோப்பு) ஒரு வரி எழுதி இந்தக் கட்டுப்பாட்டை நீக்க முடியும். ஆனால் அடாப்டரிடம் இல்லாத கரண்ட் அந்த வரியால் வந்துவிடாது.

கேபிளும் கணக்கில் சேர்த்தி. 3 ஆம்பியருக்கு மேல் போக, உள்ளே அடையாளச் சிப் உள்ள 5 ஆம்பியர் டைப்-சி கேபிள் வேண்டும். அதிகாரப்பூர்வ 27 வாட் அடாப்டரில் கேபிள் அதனுடனேயே இணைந்து வருவதால் இந்தத் தலைவலி இல்லை. அதையே எடுப்பது நல்லது.

பிப்ரவரி 8

வட்டு. மெமரி கார்டிலிருந்தே டெஸ்க்டாப் ஓடும். ஆனால் உலாவி நொடிக்கு நொடி சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும். கார்டு அங்கேதான் தடுமாறும். என்விஎம்இ எஸ்எஸ்டி (பிசிஐஇ வழியாக இயங்கும் வேகமான வட்டு) போட்டால் கணினியே வேறாகத் தெரியும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எம்.2 (சின்னப் பலகை வடிவ வட்டுகளின் அளவுத் தரம்) என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, என்விஎம்இ-யாக இருக்க வேண்டும். சாட்டா என்ற பழைய இணைப்பு முறை கொண்ட எம்.2 வட்டும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இதில் வேலை செய்யாது. அடுத்தது நீளம்: வட்டை போர்டோடு இணைக்கும் அதிகாரப்பூர்வ எம்.2 ஹேட்-பிளஸ் பலகையில் 2230, 2242 (30, 42 மிமீ நீளம்) மட்டுமே உட்காரும். கடைகளில் அதிகம் கிடைக்கும் 2280 வேண்டுமென்றால் வேறு அடாப்டர் பலகை தேட வேண்டும். மூன்றாவது வேகம். பை தருவது பிசிஐஇ 2-ஆம் தலைமுறை, ஒரே லேன். கோட்பாட்டளவில் நொடிக்கு 500 எம்பி, நடைமுறையில் 450-ஐ ஒட்டி. நொடிக்கு 7000 எம்பி விளம்பரத்தோடு வரும் வட்டுக்குச் செலவழிப்பது வீண். மின்சாரம் குறைவாக எடுக்கும் சாதாரண வட்டே இங்கே சரியான தேர்வு.

கான்ஃபிக் கோப்பில் 3-ஆம் தலைமுறை வேகத்தையும் இயக்கலாம், வேகம் கிட்டத்தட்ட இரட்டிக்கும். ஆனால் போர்டு அதற்குச் சான்று பெற்றதல்ல. கர்னல் பதிவில் பிசிஐஇ பிழைகள் தென்பட்டால் பேசாமல் 2-க்குத் திரும்பிவிட வேண்டும்.

பிப்ரவரி 9

பொருத்தும் வரிசை: முதலில் கூலர், அதன் மேல் ஹேட்-பிளஸ் பலகை. மாற்றிச் செய்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

எஸ்எஸ்டி தெரியவே இல்லை என்ற புகார்களில் பெரும்பங்கு, ஹேட்டையும் போர்டையும் இணைக்கும் பட்டைக் கேபிளால் வருவது. போர்டிலுள்ள சாக்கெட்டின் தாழ்ப்பாளை இரு முனையிலும் சமமாக, மென்மையாக மேலே தூக்க வேண்டும். அது கழன்று வராது, சற்று எழும்பும், அவ்வளவுதான். கேபிளை நேராக, அடி தட்டும்வரை செருகிவிட்டுத் தாழ்ப்பாளை இரு பக்கமும் ஒருசேர அழுத்த வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் கேபிளின் கோடு சாக்கெட்டுக்கு இணையாக ஓட வேண்டும். இதில் பின்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் கொஞ்சம் சாய்ந்தாலே தொடர்பு போய்விடும்.

எதிலிருந்து தொடங்குவது என்று பூட்லோடரில் (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்) எழுதியிருக்கும் பூட் வரிசை எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: 6 என்விஎம்இ, 1 மெமரி கார்டு, 4 யுஎஸ்பி. எண் 416 என முடிந்தால் முதலில் தேடுவது என்விஎம்இ-யை. ஹேட்-பிளஸ் தரத்தில் இல்லாத பலகை என்றால் பிசிஐஇ-யைத் தேடச் சொல்லும் அமைப்பையும் பூட்லோடரில் 1 ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டிலிருந்து பூட் ஆன பிறகு வட்டு தெரியும், அதிலிருந்து நேராக பூட் மட்டும் ஆகாது.

பிப்ரவரி 12

சூடு. 80 டிகிரியில் சிப் தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், 85-இல் இன்னும் கடுமையாக. டெஸ்க்டாப்புக்கு ஃபேன் உள்ள கூலர் கட்டாயம். அதிகாரப்பூர்வ ஆக்டிவ் கூலர் 50 டிகிரியில் மெதுவாகச் சுழலத் தொடங்கி 75-இல் முழு வேகத்துக்கு வரும். ஒருமுறை மாட்டினால் கழற்றாமல் இருப்பதே உத்தமம். அதன் பிளாஸ்டிக் பின்களும் வெப்பப் பட்டைகளும் மறுபடி மாட்டத் தாங்குவதில்லை.

பை 4 பெட்டி இதற்குப் பொருந்தாது. ஈதர்நெட்டும் யுஎஸ்பி-யும் இடம் மாறிவிட்டன.

பிப்ரவரி 13

திரைக்கு மைக்ரோ எச்டிஎம்ஐ. ஒரு முனை மைக்ரோ, மறுமுனை சாதாரண எச்டிஎம்ஐ உள்ள கேபிளே நல்லது. சின்ன அடாப்டரில் கனமான கேபிளைத் தொங்கவிட்டால் போர்ட்டின் பற்றவைப்பு தளரும். ஒரே திரை என்றால் பவர் போர்ட்டுக்குப் பக்கத்தில் உள்ளதில் செருக வேண்டும்.

3.5 மிமீ ஒலி ஜாக் இதில் கிடையாது. திரையில் ஸ்பீக்கர் இல்லையென்றால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 15

வயர்லெஸ் விசைப்பலகையின் டாங்கிளை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகக் கூடாது. யுஎஸ்பி 3 ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுவதால் எழுத்துகள் விடுபடும், மவுஸ் தயங்கித் தயங்கி நகரும். கறுப்பு போர்ட்டில் போடலாம். போதாவிட்டால் சிறிய நீட்டிப்பு கேபிள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும். முழு உலோகப் பெட்டி என்றால் வைஃபை வீச்சு குறையும்.

பிப்ரவரி 16

மின்சாரம் இல்லாதபோதும் நேரம் காக்கும் கடிகாரத்துக்கு இரண்டு பின் கொண்ட பேட்டரி இணைப்பு போர்டில் உண்டு. அதற்கானது சார்ஜ் ஆகும் வகை பேட்டரி. சார்ஜ் செய்வது இயல்பாக அணைந்திருக்கும், கான்ஃபிக் கோப்பில் இயக்க வேண்டும். சார்ஜ் ஆகாத சாதாரண சிஆர்2032 பேட்டரி பொருத்தியிருந்தால் அதை இயக்கவே கூடாது, ஆபத்து.

கடைசியாகச் சுமைச் சோதனை. நான்கு கோர்களையும் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே எஸ்எஸ்டி-க்கும் ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க வேண்டும். பிறகு போர்டின் நிலையைச் சொல்லும் விசிஜென்சிஎம்டி கருவியில் த்ராட்டில் நிலையை (வேகம் குறைக்கப்பட்டதா என்பதை) கேட்டால், வெறும் பூஜ்யம் வந்தால் நல்லது. 50000 என்றால் இப்போது சரி, ஆனால் இடையில் எப்போதோ வோல்டேஜ் விழுந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியிலும் விழுந்தே கிடக்கிறது. இரண்டிலும் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியவை அடாப்டரும் கேபிளும்தான்.