தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்குவதில்லை

சில ஆண்டுகளுக்கு முன், மதுரையில் பேருந்து நிலைய வாசலில் அட்டைப் பெட்டிக்குள் வைத்து நீட்டப்பட்ட ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்றை, அதன் வயதைக்கூடச் சரியாகக் கேட்காமல் வாங்கி வந்தோம். ஐந்தாம் நாள் வாந்தி எடுக்கத் தொடங்கியது, எட்டாம் நாள் பார்வோ என்னும் வைரஸ் நோய் அதைக் கொண்டுபோய்விட்டது. ஆகவே இந்த முறை, தாய் நாயைக் கண்ணால் பார்க்காமல் குட்டிக்கு முன்பணம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

அந்த ஒரு நிபந்தனையிலேயே பெரும்பாலான விற்பனையாளர்கள் விலகிப் போனார்கள். தாய் தோட்டத்தில் நிற்கிறது என்றார் ஒருவர். அந்நியரைக் கண்டால் கடிக்கும் என்றார் மற்றொருவர். 35 நாள் குட்டியை உடனே அனுப்பி வைப்பதாகச் சொன்னவரிடம், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்றும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும் என்றும் நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுவதை நினைவூட்டினேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கடைசியில் ராஜபாளையத்துக்கு அருகே ஒருவரைக் கண்டோம். எங்கள் கேள்விகளுக்கு முன்பே அவருடைய கேள்விகள் வந்தன: சுற்றுச்சுவர் எத்தனை அடி, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஓட இடம் உண்டா, நாயைச் சங்கிலியில் கட்டி வைப்பீர்களா. எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது. அப்போது குட்டியும் இல்லை. அடுத்த ஈற்றுக்கு நான்கு மாதம் ஆகும் என்று அனுப்பிவிட்டார்.

மீண்டும் சென்றபோது தாய் நாய் குட்டிகளோடு திண்ணையில் படுத்திருந்தது. அதற்கு அது இரண்டாவது ஈற்று. இணைசேர்த்த தேதி, குடற்புழு மருந்து கொடுத்த தேதிகள், தடுப்பூசி போட வேண்டிய நாட்கள் அனைத்தையும் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தார். இணைசேர்த்த கடுவன் (ஆண் நாய்) அவருடையதன்று, தொடர்பில்லாத வேறொரு வளர்ப்பாளரிடமிருந்து வந்தது. பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்பதற்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்க்கும் பழக்கம் இந்த இனத்துக்குக் கேடு என்றும், நிறமிக் குறைவோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவது உண்டு என்றும் விளக்கினார்.

பிறகு ஒவ்வொரு குட்டியையும் தனி அறைக்குத் தூக்கிச் சென்றார். கூட்டத்தில் இருக்கும்போது செவிட்டுக் குட்டியும் மற்றவற்றைப் பார்த்துத் தலை திருப்பிவிடும் என்பதால், தனியாக வைத்துத்தான் சோதிக்க வேண்டுமாம். குட்டியின் பார்வையில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். மூன்று குட்டிகள் சட்டென்று திரும்பின. நீலக் கண்ணுள்ள நான்காவது, தரையை மோந்துகொண்டே இருந்தது. எவ்வளவு சாதுவாக இருக்கிறது என்று என் மகள் காலையிலிருந்து மடியில் வைத்திருந்தது அதைத்தான்.

"பாப்பா, இது விக்கிறதுக்கு இல்லம்மா. எங்கிட்டயே கெடக்கட்டும்" என்றார்.

ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, அதற்குக் கருவி வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். அதை மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. வளர்க்க முடியாமல் போனால் குட்டியை வேறு யாருக்கும் கொடுக்காமல் தம்மிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

பிறந்த அறுபதாம் நாள் பெட்டைக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தோம். இரண்டாவது தடுப்பூசி நாளன்று காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நாங்கள் மறந்தே போயிருந்தோம்.