பெட்டிக்கும் முந்திரி விலையா?

தூத்துக்குடியில் எங்களுக்குச் சிறிய பேக்கரி ஒன்று இருக்கிறது. மக்ரூன்தான் முக்கிய வியாபாரம். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, அவ்வளவுதான் சரக்கு. (மஞ்சள் கரு என்னாகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். ஓட்டல்காரர்கள் வாங்கிப் போய்விடுவார்கள்.)

இந்த ஆண்டும், ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று வழக்கம்போல் தீர்மானம் எடுத்தேன்: நாற்பது நாளும் கறி, மீன் கிடையாது, காலை ஆகாரமும் கிடையாது. மூன்றாம் நாளே பசியில் கடைப் பையன்கள் மீது எரிந்து விழுந்தேன். "நீங்கள் சாப்பிட்டுவிட்டே பரிசுத்தமாக இருங்களேன்" என்றாள் மனைவி.

அந்த வாரம்தான் ஓர் ஆச்சி கால் கிலோ மக்ரூன் வாங்க வந்தார். நான் நிறுப்பதையே பார்த்துக்கொண்டு நின்றவர், "ஏன் தம்பி, பெட்டிக்கும் முந்திரி விலையா?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

இரவு கடை அடைத்தபின் வெறும் பெட்டியைத் தராசில் வைத்தேன். 32 கிராம். கிலோ 1,000 ரூபாய் என்றால் அட்டைக்கு மட்டும் 32 ரூபாய். போன கிறிஸ்மஸ் வாரத்தில் 400 பெட்டி விற்றிருந்தோம்: 12,800 ரூபாய். அந்த வாரம் ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கையாக 5,000 ரூபாய் படைத்ததும் நினைவுக்கு வந்தது. மனநிறைவோடுதான் படைத்தேன்.

வேதாகமத்தில் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை எடுத்தேன். "பரிசுத்தராயிருங்கள்" என்ற இரண்டாம் வசனம் எனக்கு மனப்பாடம். அதைத் தாண்டி நிதானமாகப் படித்ததில்லை. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது. (முந்திரி உடைக்கும் அக்காமாருக்குச் சனிக்கிழமைக் கூலியைத் திங்களன்று கொடுப்பதே என் வழக்கம்.) செவிடனை நிந்திக்காதே என்கிறது. முடிவில் தராசுக்கும் படிக்கும் வந்து நிற்கிறது. உபவாசத்தைப் பற்றி அந்த அதிகாரம் முழுக்க ஒரு சொல் இல்லை.

வேதாகமத்திலேயே நீதிமொழிகளில் "சுமுத்திரையான நிறைகல்", அதாவது சரியான எடைக்கல், என்று வரும். எங்கள் தராசிலும் அரசு முத்திரை ஒழுங்காக இருக்கிறது. பெட்டியை வைத்து 'டேர்' என்ற பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் அதன் எடை கழிந்து பூஜ்யம் வந்துவிடும். ஒன்பது வருடமாக நான் அதைத் தட்டியதே இல்லை. ஊரில் எத்தனையோ கடைகளில் தட்டுவதில்லை என்பதுதான் எனக்கு இருந்த சமாதானம்.

இப்போது தட்டுகிறேன். கட்டுப்படியாகாமல் கிலோவுக்கு 80 ரூபாய் ஏற்றினேன். முகம் சுளித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு. சில நாள் கூட்டத்தில் கை மறந்துபோகிறது. உண்மையிலேயே மறதிதானா என்று எனக்கே சந்தேகம்.

ஆச்சி மறுபடி வந்தார். பொத்தானைத் தட்டி, 250 வரும்வரை அள்ளி வைத்தேன். பெட்டியின் மூடி மூடவில்லை. கால் கிலோ பெட்டி என்று சொல்லித்தான் எங்களுக்கு அதை விற்கிறார்கள். அழுத்தினால் மக்ரூன் நொறுங்கிவிடும்.

"நூல் போட்டுக் கட்டு தம்பி" என்றார் ஆச்சி.