நாற்பதுக்குக் கீழே

தொழிற்சாலை மருத்துவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் நோயாளிகளே இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார்கள், ஷிஃப்டுக்குத் தவறாமல் வருகிறார்கள், என்னைவிடப் பாரம் தூக்குகிறார்கள். ரத்தம் கொடுக்கச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கும். “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே டாக்டர், எதுக்கு ஊசி?” ஈயத்தில் வேலை செய்கிறவர் இப்படிக் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்றும் தெரியாத கட்டத்திலேயே பிடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஊசி. வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, தொங்கிப்போன மணிக்கட்டு, ஈறின் ஓரத்தில் நீலக்கோடு என்று படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்தவையெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால், கண்காணிப்பு ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று பொருள்.

பேட்டரி ஆலையில் ரத்தம் எடுப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சொட்டில் 50 மைக்ரோலிட்டர்தான் இருக்கும். ஒரு மைக்ரோகிராமில் நூறில் ஒரு பங்கு ஈயம் தோலிலிருந்து அதில் கலந்தாலே, ரிப்போர்ட்டில் டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் கூடிவிடும். அதனால் நாங்கள் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே, உற்பத்திக் கூடத்திலிருந்து தள்ளி இருக்கிற அறையில், முழங்கை மடிப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, அதன் பிறகே ஸ்பிரிட் போட்டு ரத்த நாளத்திலிருந்து எடுப்போம். ரத்தம் பிடிக்கும் குழாயும் ஈயம் இல்லாதது என்று சோதித்த வகையாக இருக்க வேண்டும். வேலை நடுவில் ஆளைக் கூப்பிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு எடுத்த ரத்தத்தின் எண்ணை நான் நம்புவதில்லை. அந்த எண் கூடுதலாக வந்தால் ‘தூசி பட்டிருக்கும்’ என்று தள்ளிவிட நிர்வாகத்துக்கு வசதி. குறைவாக வந்தால் யாரும் கேள்வியே கேட்பதில்லை.

எண் வந்ததும் அதைப் படிப்பதில்தான் சிக்கல். ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எனவே ரத்தம் சொல்வது பெரும்பாலும் அண்மைக் காலக் கதை. உடம்பில் சேர்ந்த ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து வெளியேறப் பல பத்தாண்டுகள் ஆகும். இருபது வருடம் ஈயம் உருக்கும் உலையில் நின்றவருக்கும் போன மாதம் சேர்ந்தவருக்கும் ஒரே 35 வரலாம் (டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம்; இனி வரும் ரத்த ஈய எண்களும் இதே அளவில்தான்). இரண்டும் ஒன்றல்ல. ரத்தத்தில் துத்தநாக புரோட்டோபோர்ஃபிரின் என்ற பொருளையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் பிடி கிடைக்கும். ஈயம் ஹீமோகுளோபின் உற்பத்தியைக் கெடுப்பதன் தடயம் அது; சிவப்பணுவோடு ஒட்டிக்கொண்டு அதன் ஆயுள் முழுக்க, அதாவது ஏறத்தாழ 120 நாள், சுற்றி வரும். ஆனால் இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கும் அது ஏறும் என்பதால் தனியாக அதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

இப்போது 40 என்ற எண்ணுக்கு வருகிறேன். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1978-இல் போட்ட விதிப்படி, பொதுத் தொழில்களில் ரத்த ஈயம் 60-ஐத் தொட்டாலோ, சராசரி 50-ஐத் தொட்டாலோ ஆளை ஈய வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். 40-க்குக் கீழே இறங்கிய பிறகு திரும்பச் சேர்க்கலாம். உலகம் முழுக்கப் பல ஆலைகள் இந்த எண்களைக் கடன் வாங்கி வைத்திருக்கின்றன. விதி வந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகிறது. இதற்கிடையே, 10-க்குக் கீழே உள்ள அளவிலேயே பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடுவதும் சிறுநீரகத்தின் வேலை குறைவதும் ஆய்வுகளில் பதிவாகிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 வரை 70 என்று இருந்த வரம்பை, 2028 இறுதிவரை 30, அதன்பின் 15 என்று இறக்கியிருக்கிறார்கள். எந்த எண்ணை வைத்தாலும் அதற்குப் பின்னால் மருத்துவம் பாதி, பேரம் பாதி. இதைத் தெரிந்துகொண்டு வேலை செய்வதும் தெரியாமல் வேலை செய்வதும் வேறு வேறு.

ஒரு ஆலையில் என்னிடம் பெருமையோடு ஒரு தாளைக் காட்டினார்கள். 40-க்கு மேல் ஒருவர்கூட இல்லை. பட்டியலை முந்தைய சுற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எண்களைவிடப் பெயர்கள்தான் அதிகம் மாறியிருந்தன. எண் ஏறியவரைப் பேக்கிங் பக்கம் மாற்றிவிடுவார்கள், அவர் இடத்தில் புது ஆள். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் மாற்றுவதுகூட இல்லை, ஒப்பந்தம் முடிந்துவிடும். ஓட்டை வாளியில் தண்ணீர் நிற்கவில்லை என்றதும் வாளியை மாற்றாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பது மாதிரி. ஆளைச் சுழற்றினால் ஒவ்வொருவருடைய எண்ணும் குறையும். உலையிலிருந்து வெளியே வருகிற ஈயம் அப்படியேதான் இருக்கும். அதைச் சுவாசிக்கிறவர்களின் எண்ணிக்கைதான் கூடும். அந்தத் தாளில் பொய் எதுவும் இல்லை. வெளியே போய்விட்டவர்கள் அதில் இல்லை, அவ்வளவுதான்.

இது புதிய தந்திரமும் இல்லை. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஈயத் தொழில்களை ஆராய்ந்தபோது, ஆலைப் பதிவேட்டோடு நிறுத்தாமல் மருத்துவமனைப் பதிவுகளைத் தேடினார், தொழிலாளர்களின் வீட்டுக்கே போய் விசாரித்தார். நோயுற்றவர் ஆலையில் இருக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆலைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எந்த நச்சு வேலையும் ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

ரத்தப் பரிசோதனையை நான் ஆலையைப் பற்றிய சோதனையாகவே பார்க்கப் பழகிவிட்டேன். ஒருவருக்கு எண் ஏறினால் அவர் மாஸ்க் போடுகிறாரா, தாடியால் மாஸ்க் ஒட்டாமல் இருக்கிறதா, கை கழுவாமல் சிகரெட் பிடிக்கிறாரா என்று பார்க்கலாம். நான்கைந்து பேருக்குச் சேர்ந்து ஏறினால் ஆளைப் பார்த்துப் பயனில்லை. ஒரு முறை பிளேட் அடுக்கும் பகுதியில் இரண்டாம் ஷிஃப்டுக்கு மட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. ஈயத்தை அளக்கக் காற்று மாதிரி எடுத்தவர்களின் அறிக்கையில் குறை இல்லை. “சுத்தமா இல்லாத பசங்க சார்” என்றார் சூப்பர்வைசர். மாலையில் போய் நின்று பார்த்தேன். ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினார்கள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்த இடத்தில் மட்டும் அந்தத் தூசி தெரிந்தது, மற்ற இடத்தில் கண்ணுக்கே படவில்லை. பெருக்கி முடித்தவர் காற்றுக் குழாயை எடுத்துத் தன் சட்டையை ஊதிச் சுத்தம் செய்துகொண்டார். அவரைவிடச் சுத்தம் பார்க்கிற ஆள் அந்தக் கூடத்தில் இல்லை! காற்று மாதிரி எடுத்தது காலையில். நுண்வடிகட்டி வைத்த வாக்குவம் வாங்கிக் கொடுத்து, காற்றுக் குழாயை அந்த இடத்திலிருந்து எடுத்த பிறகு எண்கள் இறங்கத் தொடங்கின.

மற்ற உலோகங்களுக்கு வேறு வேறு வழி. காட்மியத்துக்குச் சிறுநீர் முக்கியம்; சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டுகள் தங்கும் உலோகம் அது. சேதத்தின் முதல் அடையாளமாகப் பீட்டா-2 மைக்ரோகுளோபுலினைத் தேடுவோம். அமிலச் சிறுநீரில் அந்தப் புரதம் சிதைந்துவிடும் என்பதால், எடுத்த உடனே அமிலத்தன்மையைச் சரி செய்யாவிட்டால் ‘நார்மல்’ என்று பொய் ரிப்போர்ட் வரும். ஆர்சனிக் சோதனைக்கு முன் சில நாள் கடல்மீன் சாப்பிடக் கூடாது. மீனில் உள்ள தீங்கற்ற ஆர்சனிக்கும் மொத்தக் கணக்கில் சேர்ந்துவிடும். பாதரசத்தில் எண்ணோடு கையெழுத்தையும் பார்ப்பேன். ஒரு சுருள் வரையச் சொன்னால் நடுக்கம் கோட்டிலேயே தெரியும்.

குரோமியம் முலாம் பூசும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவரின் மூக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காது வலி என்று வந்த ஒருவரின் ஒரு நாசியில் டார்ச் அடித்தேன், மறு நாசியில் வெளிச்சம் வந்தது. இரு நாசிக்கும் நடுவே உள்ள தண்டில் ஓட்டை. வலியே இல்லாமல் விழுந்த ஓட்டை. மூச்சு விடும்போது லேசாக விசில் மாதிரிச் சத்தம் வருவதை அவர் மனைவி சொல்லியிருக்கிறார். இவர் சளி என்று நினைத்திருக்கிறார். பக்கத்துத் தொட்டிக்காரருக்கும் பார்த்தோம். அவருக்கும் புண் ஆரம்பித்திருந்தது. தொட்டி விளிம்பில் ஆவியை உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டு எத்தனை காலம் ஆனது என்று பராமரிப்புப் பகுதியில் யாருக்கும் நினைவில்லை.

நிர்வாகத்தினர் என்னிடம் அடிக்கடிக் கேட்பது ஒரு மாத்திரை. ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன. மோசமான நிலையில், மருத்துவமனையில், ஆலையிலிருந்து முழுதாக விலக்கி வைத்துக் கொடுக்க வேண்டியவை. எண் ஏறாமல் இருக்க முன்கூட்டியே கொடுத்து, திரும்ப அதே உலைக்கு அனுப்புவதை ஓஷா விதியே தடை செய்கிறது. ரிப்போர்ட் அழகாகும், சிறுநீரகம் விலை கொடுக்கும்.

தொழிலாளிகளும் ஏமாற்றுவார்கள். ரத்தம் எடுக்கும் நாளில் லீவு போடுவது, இன்னொருவரை அனுப்புவது எல்லாம் நடக்கும். பொறுப்பற்றவர்கள் என்று இதற்குப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எண் ஏறினால் வேறு பகுதிக்கு மாற்றுவார்கள். அங்கே ஓவர்டைம் இல்லை. வீட்டு வாடகை இருக்கிறது. வேலையிலிருந்து விலக்கப்படுகிறவருக்கு 18 மாதம் வரை சம்பளமும் வேலையும் குறையக் கூடாது என்று ஓஷா விதியில் ஒரு பாதுகாப்பு உண்டு. அந்த விதியிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். அப்படி ஒரு உறுதி இல்லாத இடத்தில் வருகிற நல்ல எண்களை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

வேலையை விட்டுப் போனவர்களை என்ன செய்வது என்பது இன்னும் தீராத கேள்வி. வயதாகி எலும்பு தேயும்போது பழைய ஈயம் ரத்தத்துக்குத் திரும்பும்; கர்ப்ப காலத்திலும் அப்படித்தான். அப்போது அவரைப் பார்க்கும் மருத்துவருக்கு அவர் எங்கே, எதில் வேலை செய்தார் என்பதே தெரியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுக்கிறேன்: எந்த உலோகம், எந்தப் பகுதி, எந்தத் தேதியில் எந்த எண். ஒரு நிர்வாகி இதற்கு ஆட்சேபம் சொன்னார், நாளைக்கு இதை எடுத்துக்கொண்டு வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்று. போடலாம், அதற்கும் உதவும் என்றேன். முன்பெல்லாம் வேலையை விடும்போது கொடுக்கலாம் என்று வைத்திருந்தோம். ஒப்பந்தத் தொழிலாளிகள் சொல்லிவிட்டா போகிறார்கள்? இப்போது ஒவ்வொரு முறை ரிப்போர்ட் வந்ததும் புதிய எண்ணை எழுதிக் கையிலேயே கொடுத்துவிடுகிறோம்.